வாய்க்கால் கரை ஊர்களுக்கு வண்டி: ஓட்டும் செலவை யார் ஏற்பது?

தமிழ்நாட்டில் 2022 முதல் ஆண்டுக்கு ஆறு முறை கிராம சபை கூடுகிறது. திருவாரூர் மாவட்டம் நீடாமங்கலத்துக்குத் தெற்கே, கோரையாற்றுக்கும் பாமணியாற்றுக்கும் இடைப்பட்ட எங்கள் வட்டாரத்தில் எந்த ஊர்க் கூட்டத்துக்குப் போனாலும் குடிநீர், தெருவிளக்கு, நூறு நாள் வேலை என்று எல்லாம் பேசி முடித்த பிறகு யாராவது ஒருவர் எழுந்து பஸ் கேட்பார். பெரும்பாலும் அது ஒரு பெண்ணாக இருக்கும். ஊர் வழியாகப் பேருந்து இயக்கும்படி போக்குவரத்துக் கழகத்தைக் கேட்டுக்கொள்வதாகத் தீர்மானம் எழுதப்படும், நகல் அனுப்பப்படும், வருவாய் போதாது என்ற பதில் சில மாதங்கள் கழித்து வரும், அல்லது வராமலே போகும். அந்தத் தீர்மானங்கள் பலவற்றைப் படித்திருக்கிறேன், சிலவற்றை என் கையாலேயே எழுதிக் கொடுத்தும் இருக்கிறேன். எத்தனை மணிக்கு வண்டி வேண்டும், எத்தனை பேர் ஏறுவார்கள், கலெக்‌ஷன் குறைந்தால் அந்தக் குறையை யார் ஈடுகட்டுவது என்ற மூன்றும் அவற்றில் இருப்பதில்லை. பதிலிலும் அவை இருப்பதில்லை. மூன்றாவது கேள்விக்கு ஊரும் அரசும் சேர்ந்து ஒரு விடை சொல்லாத வரையில் முதல் இரண்டுக்கும் பயனில்லை என்பதுதான் நான் இங்கே சொல்ல வந்தது.

முதலில் நிலத்தைச் சொல்ல வேண்டும். டெல்டாவுக்கு வெளியே இருந்து வரும் அதிகாரிகளுக்கு இந்த நிலம் தட்டையாகத் தெரிகிறது; மலை இல்லை, காடு இல்லை, ஊருக்கு ஊர் இரண்டு கிலோமீட்டர்கூட இல்லை, இங்கே பேருந்து விடுவதில் என்ன சிரமம் என்று அவர்களுக்குத் தோன்றும். ஆனால் கல்லணையில் பிரிந்து வரும் காவிரியும் வெண்ணாறும் மேலும் மேலும் கிளைத்து, குடமுருட்டி, அரசலாறு, வெட்டாறு, கோரையாறு, பாமணியாறு, அரிச்சந்திரா நதி என்று விசிறி போல விரிந்து கடலை நோக்கிப் போகின்றன. சாலைகள் பெரும்பாலும் அந்த ஆறுகளின் கரைமேலேயே போகின்றன. கரையோடு போவது எளிது. ஆற்றைக் குறுக்கே தாண்டுவதுதான் அரிது. எதிர்க்கரையில் இருக்கும் பள்ளிக்கூடத்தின் மணி நம் வாசலில் கேட்கும், ஆனால் வண்டியில் அங்கே போக வேண்டுமென்றால் பாலம் இருக்கிற இடம் வரை போய்ச் சுற்றி வர வேண்டும். நடுவில் இருக்கும் ரெகுலேட்டர் பாலங்களில் பல, மாட்டு வண்டிக் காலத்து அகலத்தில் கட்டப்பட்டவை. மதகுக் கதவுகளுக்கு மேலே ஒரு வேன் போகும், முழு நீளப் பேருந்து போகாது. ஐப்பசி கார்த்திகை மழையில் கரையோரம் சரியும்போது, ஓட்டுநர்கள் தாங்களாகவே உள்ளே வர மறுப்பதும் நியாயமே.

இன்னொன்று, வண்டி திருப்புவதற்கு இடம். ஒருபுறம் ஆறு, மறுபுறம் பத்தடி பள்ளத்தில் வயல் என்றிருக்கும் கரைச் சாலையின் கடைசியில், ஒரு பேருந்தைத் திருப்ப வேண்டுமென்றால் யாராவது தன் களத்தையோ கொல்லையையோ விட்டுக்கொடுக்க வேண்டும். எங்கள் பக்கத்து ஊர் ஒன்றில் தார்ச்சாலை போட்ட பிறகும் பேருந்து வராததற்கு இந்த ஒன்றுதான் காரணம். ஆகவே பேருந்துகள் பெரிய சாலையில் கைகாட்டியோடு நின்றுவிடுகின்றன. கைகாட்டியிலிருந்து உள்ளே இருக்கும் இரண்டு, மூன்று, நான்கு கிலோமீட்டர்தான் எங்கள் போக்குவரத்துப் பிரச்சினை முழுவதும்.

அந்தத் தூரத்தை யார் எப்படிக் கடக்கிறார்கள் என்று பார்த்தால், ஊரே இரண்டாகப் பிரிந்து கிடப்பது தெரியும். இளைஞர்களிடமும் நடுத்தர வயது ஆண்களிடமும் இருசக்கர வாகனம் இருக்கிறது. அவர்கள் பஸ் கேட்டு எழுந்து நிற்பதில்லை. நடவுக்கும் களையெடுப்புக்கும் போகும் பெண்கள் விடியற்காலையில் குட்டியானை வண்டியின் பின்புறத்தில் நின்றுகொண்டு போகிறார்கள். சரக்கு வண்டியில் ஆள் ஏற்றக் கூடாது என்பது சட்டம். ஆனால் அந்த நேரத்துக்கு வேறு எதுவும் இல்லை என்பது நிலைமை. மாணவிகள் கைகாட்டி வரை நடக்கிறார்கள், மாலையில் இருட்டுவதற்குள் வந்துவிட வேண்டும் என்பதற்காகச் சிறப்பு வகுப்புகளை விட்டுவிடுகிறார்கள். ஆசிரியையாக இருந்த ஆண்டுகளில், நன்றாகப் படிக்கும் பெண் பதினொன்றாம் வகுப்பில் அறிவியல் பிரிவை விட்டுவிட்டுப் பக்கத்தில் இருக்கும் பள்ளியில் கிடைத்த பிரிவை எடுத்துக்கொண்டதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். மதிப்பெண் தடுக்கவில்லை, பஸ் நேரம் தடுத்தது.

என் பெரியம்மாவுக்குச் சிறுநீரகம் பழுதாகி வாரத்துக்கு இரண்டு முறை டயாலிசிஸ். அரசு மருத்துவமனையில் அதற்கு ஒரு பைசா வாங்குவதில்லை; பணியாளர்கள் அன்பாகவும் கவனிக்கிறார்கள். ஆனால் போய்வர ஆட்டோவுக்கு ஒவ்வொரு முறையும் 500 ரூபாய். மாதத்துக்கு நாலாயிரத்துக்குக் குறையாது. அது பெரியம்மாவின் முதியோர் உதவித்தொகையைப் போல மூன்று மடங்குக்கும் மேல். ஆட்டோக்காரத் தம்பி எங்கள் ஊர்ப் பிள்ளை, என்னிடம் படித்தவர். அவரிடம் ஒரு நாள் கேட்டேன். "டீச்சர், நான் கூடக் கேக்கல. கொண்டுபோய் விட்டுட்டு நாலு மணி நேரம் காத்திருக்க முடியாது, காலியாத் திரும்பி வர்றேன். மறுபடி காலியாப் போய்க் கூட்டியாறேன். காலி வண்டிக்கும் டீசல் ஊத்தணும்ல?" என்றார். அவர் சொன்னதில் ஒரு தவறும் இல்லை. பெரியம்மா கொடுக்கும் 500 ரூபாயில் பாதிக்கு மேல், யாரும் உட்காராத இருக்கைக்குப் போகிறது. அதே நாளில், அதே நேரத்துக்கு, அதே மருத்துவமனைக்கு, கரையோரத்து ஊர்களிலிருந்து சர்க்கரை மாத்திரைக்கும் கர்ப்பகாலப் பரிசோதனைக்கும் போகிறவர்கள் தனித்தனியாக வண்டி பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். கிராமத்தில் பயணிகள் இல்லை என்பது உண்மையல்ல. அவர்களைச் சேர்த்து ஏற்றும் ஏற்பாடு இல்லை.

இந்த ஏற்பாட்டைச் செய்வது உள்ளூர் அமைப்பின் கடமை என்பது இந்த மண்ணுக்குப் புதிய எண்ணம் அல்ல. 1894இல் மாயவரத்திலிருந்து முத்துப்பேட்டை வரை, திருவாரூர், திருத்துறைப்பூண்டி வழியாக ஒரு ரயில் பாதை திறக்கப்பட்டது. அதைக் கட்டியது லண்டனில் இருந்த கம்பெனி அல்ல. தஞ்சாவூர் ஜில்லா போர்டு. நிலவரியோடு சேர்த்து ரூபாய்க்குச் சில தம்பிடி என்று ஒரு சிறு வரியை மிராசுதார்களிடமும் குடியானவர்களிடமும் வசூலித்துச் சேர்த்த பணம்தான் அதற்கு அடிப்படை. ஓட்டும் பொறுப்பைத் தென்னிந்திய ரயில்வே கம்பெனியிடம் விட்டார்கள். சொத்து ஜில்லா போர்டினுடையது. பின்னர் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அது அறந்தாங்கி வரை நீண்டது. நெல்லும் உப்பும் ஏற்றுவதற்கான பாதை அது, ஏழைகளை நினைத்துப் போட்டதல்ல என்பதை மறைக்க வேண்டியதில்லை. இருந்தாலும், உள்ளூரில் வரி விதித்து, உள்ளூர் மன்றம் முடிவெடுத்து, ஓட்டத் தெரிந்தவரிடம் ஒப்பந்தம் போட்டு வண்டி ஓட்டும் முறை இங்கே நூற்று முப்பது ஆண்டுகளுக்கு முன்பே நடந்திருக்கிறது.

அதே பாதை நமக்கு இன்னொரு பாடத்தையும் வைத்திருக்கிறது. திருவாரூருக்கும் காரைக்குடிக்கும் இடையே மீட்டர் பாதை 2012இல் நிறுத்தப்பட்டு, பெரும் செலவில் அகலப் பாதையாக மாற்றப்பட்டு, 2019 ஜூனில் ரயில் ஓடத் தொடங்கியது. ஆனால் கேட் கீப்பர்கள் போதிய அளவில் நியமிக்கப்படவில்லை. ரயிலிலேயே வரும் பணியாளர் ஒவ்வொரு கேட்டுக்கும் முன்னால் இறங்கிப் போய் மூடி, ரயில் கடந்ததும் திறந்துவிட்டு, மறுபடி ஏறிக்கொள்ள வேண்டும். சுமார் 150 கிலோமீட்டரைக் கடக்க ஆறு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. யாருக்கும் பயன்படாத நேரத்துக்குப் போய்ச் சேரும் ரயிலில் யார் ஏறுவார்கள்? தண்டவாளத்துக்குப் பணம் இருந்தது, கேட்டை மூட ஆளுக்குப் பணம் இல்லை. நம் நாட்டில் பொதுப் பணம் பெரும்பாலும் இப்படித்தான் நடந்துகொள்கிறது: கட்டுவதற்கும் வாங்குவதற்கும் வரும், தினமும் நடத்துவதற்கு வராது. நாடாளுமன்ற உறுப்பினரின் தொகுதி மேம்பாட்டு நிதி நிலையான சொத்துகளுக்குத்தான். நிழற்குடை கட்டலாம், அதன் கீழே நிற்பவருக்கு வரும் வண்டியின் டீசலுக்குக் கொடுக்க முடியாது. எங்கள் பக்கம் பேருந்தே வராத சாலையில் நிழற்குடைகள் இருப்பதற்கு இதுதான் காரணம்.

பேருந்துக்கு வருகிறேன். 1972இல் தனியார் வழித்தடங்கள் அரசுடைமையாகிக் கும்பகோணத்தைத் தலைமையிடமாகக் கொண்டு சோழன் போக்குவரத்துக் கழகம் தொடங்கியபோது, டெல்டாவின் உள்ளூர்களுக்குப் பேருந்து பரவியதன் ரகசியம் எளியது. திருச்சிக்கும் சென்னைக்கும் போகும் வண்டியில் கிடைக்கும் மிச்சம், வாய்க்கால் கரை வண்டியின் நட்டத்தைத் தாங்கியது. இந்தத் தாங்கல் கணக்கில் எங்கும் தனியாக எழுதப்படவில்லை. எழுதப்படாததால், மிச்சம் வற்றியபோது எந்த ஊரின் நடை முதலில் வெட்டப்பட வேண்டும் என்பதைக் கிளை அலுவலகத்தில் இருக்கும் ஒருவர் கலெக்‌ஷன் தாளைப் பார்த்து முடிவு செய்யும் நிலை வந்தது. 2018 ஜனவரியில் புறநகர் சாதாரணப் பேருந்துக் கட்டணம் கிலோமீட்டருக்கு 42 பைசாவிலிருந்து 60 பைசாவாகி, எதிர்ப்புக்குப் பின் 58 பைசாவாகக் குறைக்கப்பட்டது. டீசலும் சம்பளமும் அதற்குப் பிறகும் ஏறிக்கொண்டே இருந்தன. கட்டணத்தை ஏற்ற வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். ஏறினால் முதலில் இறங்குபவர்கள் என் மாணவிகளும் அவர்களுடைய அம்மாக்களும்தான்.

வெட்டப்பட்ட நடைகளில் மிகப் பெரிய இழப்பு ஹால்ட் வண்டி. இரவு ஒன்பதரைக்கு ஊருக்குள் வந்து, ஓட்டுநரும் நடத்துநரும் பள்ளிக்கூடத் தாழ்வாரத்திலோ கோயில் மண்டபத்திலோ படுத்து, விடியற்காலை ஐந்தரைக்குப் புறப்படும் வண்டி அது. பால் கேன், கீரைக்கட்டு, வேலைக்குப் போகும் பெண்கள், முதல் ரயிலைப் பிடிக்கிறவர்கள் எல்லோருக்கும் அதுதான் வண்டி. பணிமனையிலிருந்து காலியாக வந்து ஏற்ற வேண்டிய தேவையும் இல்லை. அது நின்றபின் எங்களுக்கு வந்து சேரும் முதல் வண்டி எட்டு மணிக்கு. அதற்குள் கூலி வேலைக்காரர்கள் வயலில் இறங்கியாயிற்று. எட்டு மணி வண்டியில் கூட்டம் குறைவு என்று பிறகு கணக்குக் காட்டப்படுகிறது.

2021 மே 8 முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்கள் கட்டணமின்றிப் பயணிக்கலாம் என்ற திட்டம் வந்தது. என் ஆயுளில் கிராமப்புறப் பெண்களுக்காக அரசு செய்த மிகப் பெரிய காரியங்களில் இதை வைப்பேன். கணவனிடமோ மகனிடமோ பத்து ரூபாய் கேட்காமல் ஒரு பெண் வெளியே புறப்பட முடிகிறது என்பது எவ்வளவு பெரிய மாற்றம் என்பதை இந்தப் பக்கத்துப் பெண்களிடம் கேட்டால் தெரியும். இந்தத் திட்டத்துக்காகப் போக்குவரத்துக் கழகங்களுக்குத் தர முதலில் ஒதுக்கியது 1,200 கோடி ரூபாய். 2025-26 நிதிநிலை அறிக்கையில் அது 3,600 கோடி. அரசு மனம் வைத்தால் வண்டி ஓட்டும் செலவுக்கும் பணம் உண்டு என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

ஆனால் இந்தப் பணம் எப்படிப் போய்ச் சேருகிறது என்று பார்க்க வேண்டும். பேருந்து ஓடும் இடத்தில், பெண் ஏறும் அளவுக்கு, கழகத்துக்கு ஈடு கிடைக்கிறது. பேருந்தே ஓடாத ஊருக்கு இந்த 3,600 கோடியில் ஒரு ரூபாய்கூட வராது. நகரப் பேருந்து வராமல் புறநகர் வண்டி மட்டும் நின்று போகும் கைகாட்டியில் நிற்கும் பெண் காசு கொடுத்துத்தான் ஏறுகிறார். மலைப் பகுதிகளில் நகரப் பேருந்து இல்லை என்பதை உணர்ந்து, நீலகிரி, கொடைக்கானல், வால்பாறை போன்ற இடங்களுக்குத் திட்டத்தைத் தனியாக நீட்டித்தார்கள். ஆற்றங்கரைகளுக்கும் அப்படி ஒரு தனிப் பார்வை வேண்டும் என்று கேட்க எங்களுக்கு உரிமை இருக்கிறது.

2025 ஜூன் 16 அன்று முதலமைச்சர் தஞ்சாவூரில் தொடங்கி வைத்த புதிய விரிவான மினி பேருந்துத் திட்டம் இந்தக் குறையை நோக்கியே வந்தது. ஒரு வழித்தடம் அதிகபட்சம் 25 கிலோமீட்டர்; அதில் குறைந்தது 65 விழுக்காடு பேருந்து வசதி இல்லாத சாலையாக இருக்க வேண்டும். 1997இல் வந்த பழைய மினி பஸ் திட்டத்தைவிட இது தாராளமானது, வழித்தடங்களும் நன்றாக யோசிக்கப்பட்டவை. இருந்தாலும் உரிமையாளர் தனியார், வருமானம் பயணச்சீட்டு மட்டுமே, பெண்களுக்கு இலவசம் பொருந்தாது. நட்டம் வந்தால் அவர் என்ன செய்வார் என்பதைப் பழைய திட்டத்திலேயே பார்த்தோம்: உள்ளூர் நடையைக் குறைத்து, பெரிய சாலையில் ஆள் கிடைக்கும் நேரத்துக்கு ஓட்டினார்கள். மதியம் பன்னிரண்டு மணிக்குக் காலியாக ஓட வேண்டிய நடையை ஓட்டுவதற்கு அவருக்கு யாரும் காசு கொடுக்கவில்லை. பெர்மிட் கொடுத்தோம், நீ பிழைத்துக்கொள் என்பதுதான் ஏற்பாடு.

மத்திய அரசின் ஆஜீவிகா கிராமின் எக்ஸ்பிரஸ் திட்டத்திலும், நல்ல நோக்கத்தோடு, இதே ஓட்டை உண்டு. 2017இல் தொடங்கிய அந்தத் திட்டத்தில் சுய உதவிக்குழு உறுப்பினர் வாகனம் வாங்க 6.5 லட்சம் ரூபாய் வரை வட்டியில்லாக் கடன் கிடைக்கும். வட்டி இல்லை, ஆனால் அசல் இருக்கிறது, டயர் இருக்கிறது, காலி நடை இருக்கிறது. நட்டத்தை ஒரு தனிப் பெண்ணின் தலையில் வைத்துவிட்டு ஊருக்கு வண்டி வந்துவிட்டது என்று சொல்ல முடியாது.

கேரளத்தில் 2022 ஜூலையில் திருவனந்தபுரம் மாவட்டத்துக் கொல்லயில் ஊராட்சியில் தொடங்கிய 'கிராமவண்டி'தான் நான் அறிந்தவற்றில் நமக்கு மிக அருகில் இருப்பது. அங்கே ஊராட்சி டீசல் செலவை ஏற்கிறது; வண்டி, ஓட்டுநர், நடத்துநர், பராமரிப்பு, உதிரி பாகம், காப்பீடு எல்லாம் அரசுப் போக்குவரத்துக் கழகத்தின் பொறுப்பு. இரவில் வண்டி நிற்கவும் பணியாளர் தங்கவும் ஊராட்சி இடம் தருகிறது. நமது ஹால்ட் வண்டியை எழுத்துபூர்வ ஒப்பந்தமாக்கியது போல. எந்த வழியாக, எத்தனை மணிக்கு ஓட வேண்டும் என்று சொல்லும் அதிகாரம் டீசலுக்குப் பணம் கட்டும் ஊராட்சியிடம் இருக்கிறது. தனி ஆட்களும் நிறுவனங்களும் அந்தச் செலவை ஏற்கவும் வழி வைத்திருக்கிறார்கள். கேரள ஊராட்சிகளுக்கு 1996இன் மக்கள் திட்ட இயக்கம் தொட்டு மாநிலத் திட்ட நிதியில் நல்ல பங்கு கிடைக்கிறது, நம் ஊராட்சிகளுக்கு அந்த வசதி இல்லை என்று உடனே ஒருவர் சொல்வார். சரிதான். அதனால்தான் ஒரே ஊராட்சி தனியாக இதைச் செய்ய முடியாது என்கிறேன்.

பிரிட்டனில் 1985 போக்குவரத்துச் சட்டத்தின் 22ஆம் பிரிவின்படி லாப நோக்கமற்ற ஊர் அமைப்புகள் அனுமதி வாங்கிச் சிற்றுந்து ஓட்டுகின்றன. பெரும்பாலும் ஓய்வுபெற்ற தொண்டர்களே ஓட்டுநர்கள். அந்த முறையை அப்படியே இங்கே கொண்டுவரச் சொல்ல மாட்டேன். எங்கள் ஊரில் வண்டி ஓட்டத் தெரிந்த, வேலை வேண்டியிருக்கிற இளைஞர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்குச் சம்பளம் கொடுக்க வேண்டும்.

ஒரு கைக்கணக்குப் போட்டுப் பார்த்தேன். கரையோரமாக அடுத்தடுத்து இருக்கும் ஆறு ஊராட்சிகளுக்கு ஒரு வேன், விடியற்காலை ஐந்தரை முதல் இரவு எட்டு வரை, நாளொன்றுக்கு 100 கிலோமீட்டர். லிட்டருக்குப் பத்து கிலோமீட்டர் என்றால் டீசல் ஏறத்தாழ 930 ரூபாய். இரண்டு ஓட்டுநர்கள் முறைமாற்றி ஓட்ட, ஆளுக்கு 600 என்று 1,200. காப்பீடு, வரி, டயர், பழுது, கடன் தவணை எல்லாம் சேர்த்து நாளுக்கு 700 என்று வைக்கலாம். மொத்தம் 2,830. 110 பேர் சராசரியாக பத்து ரூபாய் கொடுத்தால் 1,100. குறை 1,730 ரூபாய். 360 நாளுக்குச் சுமார் ஆறேகால் லட்சம். ஊராட்சிக்கு ஒரு லட்சத்துக்குச் சற்று மேல். ஆறு ஊராட்சியிலும் சேர்த்து 3,600 வீடுகள் இருந்தால் வீட்டுக்கு ஆண்டுக்கு 173 ரூபாய். என் எண்களை யாரும் மாற்றிப் போடலாம். டீசல் ஏறும், பயணிகள் தொடக்கத்தில் பாதிகூட வர மாட்டார்கள். முதல் ஆண்டுக்கு இரண்டு மடங்கு என்றே வைத்துக்கொண்டாலும், இது ஒரு சிமெண்ட் சாலைக்கு ஆகும் செலவின் அருகில்கூட வராது.

இந்த ஆறேகால் லட்சம் வீட்டு வரியிலிருந்து முழுவதும் வர வேண்டும் என்றும் நான் சொல்லவில்லை. 15ஆம் நிதிக்குழு 2021-26 காலத்துக்கு ஊராட்சிகளுக்குக் கொடுத்த மானியத்தில் 60 விழுக்காடு குடிநீருக்கும் துப்புரவுக்கும் கட்டுப்பட்டது. மீதி 40 விழுக்காடு உள்ளூர்த் தேவைக்கானது, சம்பளத்துக்கும் நிர்வாகச் செலவுக்கும் மட்டும் கூடாது. போக்குவரத்து உள்ளூர்த் தேவையா என்று கேட்பவர்களுக்கு, அரசியலமைப்பின் பதினோராவது அட்டவணையில் 13ஆவது இனமாகச் சாலை, பாலம், படகுத்துறை ஆகியவற்றோடு பிற போக்குவரத்து வழிகளும் எழுதப்பட்டிருப்பதைக் காட்டலாம். ஆனாலும் பெரும் பங்கு மாநில அரசிடமிருந்தே வர வேண்டும், அதுவும் பயணச்சீட்டுக் கணக்கில் அல்லாமல் ஓடிய கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று. கிலோமீட்டருக்கு 12 ரூபாய் மாநிலம் கொடுத்தால் 100 கிலோமீட்டருக்கு 1,200. மீதிக் குறை 530தான். அதை ஆறு ஊராட்சிகள் சமாளிக்கும். பெண்களுக்கு இலவசம் என்பதை இந்த வண்டிக்கும் நீட்டித்தால் பயணிகள் கொடுக்கும் தொகை குறையும், மாநிலத்தின் பங்கு கூடும், அதுவே நியாயமானது.

சட்டம் தடையாக இருக்கிறது என்பது பாதி உண்மை. ஷேர் ஆட்டோ வழியில் ஆள் ஏற்றித் தனித்தனிக் கட்டணம் வாங்குவது அதன் பெர்மிட்டில் அடங்காது. ஊராட்சி வேன் ஓடினாலும் அதே கேள்வி எழும். ஆனால் மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019இல் செய்த திருத்தம், 67ஆம் பிரிவின் வழியாக, கிராமப்புறப் போக்குவரத்துக்கும் கடைசித் தூர இணைப்புக்கும் தனித் திட்டம் வகுத்து உரிமம் வழங்கும் அதிகாரத்தை மாநில அரசுக்கே கொடுத்திருக்கிறது. அரசாணை ஒன்று போதும்.

பணத்தைப் போலவே முக்கியமானது நேர அட்டவணையை யார் எழுதுகிறார்கள் என்பது. வழித்தடம் திட்டமிடும்போது வழக்கமாக எடுக்கப்படுவது எத்தனை பேர் ஏறுகிறார்கள் என்ற கணக்கு. ஏற முடியாதவர்கள் அதில் இருப்பதில்லை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் எந்தக் கிழமை என்ன மருத்துவம், டயாலிசிஸ் எந்த முறைக்கு, பள்ளி எப்போது விடுகிறது, ரேஷன் கடை எந்த நாள், வாரச்சந்தை எங்கே, ரயில் எத்தனை மணிக்கு என்பதை ஊர் ஊராக உட்கார்ந்து எழுத வேண்டும். அதைச் செய்ய ஊராட்சி அளவிலான மகளிர் கூட்டமைப்பைவிடப் பொருத்தமானவர்கள் இல்லை. டெல்டாவில் ஆண்டு முழுவதும் ஒரே அட்டவணை செல்லாது. மேட்டூர் திறந்து குறுவை நடவு தொடங்கும் நாட்களில் விடியற்காலை நடை இரண்டாக வேண்டும்; அறுவடை முடிந்து வயல் காயும் மாசி பங்குனியில் அது தேவைப்படாது, திருவிழாவுக்கும் கல்யாணத்துக்கும் மாலை நடை வேண்டும்.

பாதை எங்கே முடிகிறது என்பதை நான் தனியாகச் சொல்ல விரும்புகிறேன். எங்கள் ஊர்களில் காலனித் தெரு ஊரை விட்டுத் தள்ளி, வாய்க்காலுக்கு அப்பால் இருக்கிறது. பேருந்து வந்த ஊர்களிலும் அது அக்ரஹார முனையிலோ பெரிய தெருக் கோயில் அருகிலோ திரும்பிவிடும். வயல் வேலைக்கு மிகவும் முன்னதாகப் புறப்படுகிறவர்களும் சொந்த வண்டி மிகக் குறைவாக உள்ளவர்களும் காலனியில்தான் இருக்கிறார்கள். ஆகவே வேன் அங்கேயிருந்து புறப்பட வேண்டும், இரவில் அங்கேயே நிற்க வேண்டும். இதை வாய்மொழியாக விட்டால் முதல் மாதத்திலேயே மாறிவிடும். ஒப்பந்தத்தில் புறப்படும் இடமாகத் தெருப் பெயரோடு எழுதப்பட வேண்டும்.

ஆட்டோக்காரர்களின் பிழைப்பு என்னாகும் என்று கேட்கிறார்கள். அந்தக் கேள்வி எனக்கும் கனமானதுதான். பெரியம்மாவை இத்தனை நாள் காப்பாற்றி அழைத்துப் போனது ஒரு ஆட்டோக்காரப் பிள்ளைதான். வேனின் இரண்டு ஓட்டுநர் இடங்களையும் அவர்களுக்கே முதலில் தர வேண்டும் என்றும், கைகாட்டியிலிருந்து வேன் போகாத சிறு தெருக்களுக்கு ஆட்டோவையே மாதாந்திர ஒப்பந்தத்தில் எடுக்கலாம் என்றும் நினைக்கிறேன்.

2025 ஜனவரியில் எங்கள் மாவட்டத்தையும் சேர்த்து 28 மாவட்டங்களில் ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் முடிந்து, நிர்வாகம் தனி அலுவலர்களிடம் போனது. ஒரு தலைவரின் ஆர்வத்தை நம்பித் தொடங்கும் வண்டி அவரோடு நின்றுவிடும் என்பதற்கு இதுவே எச்சரிக்கை. எனவே ஒப்பந்தம் ஊராட்சி ஒன்றியத்தின் பெயரில், குறைந்தது மூன்று ஆண்டுகளுக்கு இருக்க வேண்டும். ஆறு ஊராட்சிகளின் பங்கும் ஆண்டு தொடங்கும்போதே தனிக் கணக்கில் கட்டப்பட்டிருக்க வேண்டும். ஓடாத நடைக்குப் பணம் கிடையாது என்ற நிபந்தனை அதில் வேண்டும்; ஓடிய நடைக்கு மாதம் பத்தாம் தேதிக்குள் பணம் கொடுத்தாக வேண்டும் என்ற நிபந்தனையும் அதே பக்கத்தில் வேண்டும். அடுத்த கிராம சபைக்கு நாங்கள் எழுதிக்கொண்டிருக்கும் தீர்மானத்தில் இந்த இரண்டு வரிகளும், மூன்று ஊர்களில் பெண்கள் உட்கார்ந்து எழுதித் தந்த நேர அட்டவணையும் இருக்கின்றன. மற்ற மூன்று ஊர்களின் அட்டவணை இன்னும் வர வேண்டும்.